மூணு சிப்பி எடுத்துக் குடு, பாப்பா

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து பத்துவரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கடற்கரையில் பொறுக்கிவந்த சிப்பிகளை ஒரு தட்டில் கொட்டி அதன் முன்னால் வைத்து, “மூணு சிப்பி எடுத்துக் குடு, பாப்பா” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை நிறைய அள்ளி நீட்டும். “எண்ணிப் பாரும்மா” என்றால் அழகாக விரல் வைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு என்று எண்ணும். “அப்ப மூணு இருக்கா?” “இருக்கு!”

குறும்பு செய்யவில்லை. கவனக்குறைவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ இப்போதைக்கு ஒரு பாட்டு. பாட்டில் வரும் ‘மூணு’ என்ற சொல்லுக்கும் தட்டில் கிடக்கும் சிப்பிகளுக்கும் என்ன உறவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் காரன் வின் இந்த எளிய சோதனையைக் கொண்டுதான் குழந்தைகள் எண்ணை எப்படிக் கைவசப்படுத்துகிறார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டினார். முதலில் ‘ஒண்ணு’ மட்டும் புரியும். ஒன்று கேட்டால் ஒன்று தரும், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் அள்ளித் தரும். ‘ரெண்டு’ புரியப் பல மாதம். ‘மூணு’க்கு இன்னும் சில மாதம். பிறகு, பெரும்பாலும் மூன்றரை நான்கு வயதுவாக்கில், ஒரு தாவல். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது விளங்கிவிடுகிறது. அதன் பிறகு அஞ்சு, ஆறு, ஏழு என்று தனித்தனியாகப் போராட வேண்டியதில்லை.

ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு சின்ன மூளை இந்த மூன்று சொற்களோடு மல்லாடுகிறது. ஏன் இத்தனை கடினம்? சிப்பியின் வெள்ளையைக் காட்டலாம், சொரசொரப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். ‘மூணு’ எந்தச் சிப்பியிலும் ஒட்டிக்கொண்டில்லை. இந்தச் சிப்பியும் மூணு இல்லை, அந்தச் சிப்பியும் மூணு இல்லை. சேர்த்து வைத்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. மூன்று நண்டு, மூன்று படகு, மூன்று தும்மல் எல்லாம் ஒன்றுதான் என்று கண்டுகொள்வது சாதாரண வேலையா?

மொழியும் இதில் கைகொடுக்கிறது, சில சமயம் கைவிடுகிறது. ஒருமை பன்மையைக் கறாராகப் பிரிக்கும் ஆங்கிலம், ருஷ்யன் பேசும் குழந்தைகள், அப்படிப் பிரிக்காத ஜப்பானியக் குழந்தைகளைவிடச் சற்று முன்பே ‘ஒன்று’ என்பதைப் புரிந்துகொள்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் பேச்சுத் தமிழில் ‘அஞ்சு மீன்’தான், ‘அஞ்சு மீன்கள்’ என்று கூடைக்காரம்மா கூவினால் திரும்பிப் பார்ப்போம். ஆனால் பத்தைத் தாண்டியதும் தமிழ் தாராளமாக உதவுகிறது: பதினொண்ணு, பதிமூணு, பதினாலு என்று ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் பத்து உட்கார்ந்திருக்கிறது. சீன மொழியிலும் இப்படித்தான். சீன, அமெரிக்கக் குழந்தைகள் பத்துவரை ஒன்றுபோல எண்ணினாலும், பத்தைத் தாண்டும் இடத்தில், சொல்லுக்குள் பத்து அப்படி வெளிப்படாத ஆங்கிலத்தில் எண்ணும் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்குவதை 1995-இல் கெவின் மில்லர் குழுவினர் பதிவு செய்தார்கள்.

மொழிக்கு மொழி சொல் மாறினாலும் எண்ணும் விதி ஒன்றுதான். காவிரிப் படுகையில் களத்துமேட்டில் நெல் அளந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று கணக்கு நடக்கும். மங்கலத்துக்காக வந்த வழக்கம்தான். ஆனாலும் எண்ணுதல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மரக்காலுக்கு ஒரு சொல், எப்போதும் அதே வரிசை, கடைசிச் சொல்தான் மொத்தம். இந்த மூன்றும் இருந்தால் கணக்குத் தப்பாது. ரோஷெல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் அடிப்படை விதிகளாக வைத்தவற்றில் முதல் மூன்று இவையே. சில குழந்தைகள் ‘ரெண்டு, ஆறு’ என்று தப்பான வரிசையில் எண்ணினாலும், ஒவ்வொரு முறையும் அதே தப்பான வரிசையையே பின்பற்றுவதை அவர்கள் கவனித்தார்கள். தவறு என்று திருத்தும் முன், அந்தக் குழந்தை விதியைப் பிடித்துவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

சரி, பாட்டிலிருந்து எண்ணுக்கு எப்படிக் கடப்பது? சிகாகோவில் சூசன் லெவின் குழுவினர் 44 குடும்பங்களின் வீட்டுக்குப் போய், குழந்தைக்கு 14 மாதம் முதல் 30 மாதம் ஆகும்வரை ஐந்து முறை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தார்கள். அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு பெற்றோர் எண்ணுச் சொற்களை 4 முறை பயன்படுத்தியிருந்தார். இன்னொருவர் 257 முறை. அதிகம் கேட்ட குழந்தைகள் நான்கு வயதை நெருங்கும்போது ‘எத்தனை’ என்பதை நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்து எலிசபெத் குண்டர்சனும் லெவினும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருள்களைப் பற்றிய பேச்சுதான் பலன் தந்தது. அதிலும் நான்கு முதல் பத்து வரையிலான கூட்டங்களைப் பற்றிப் பேசியது அதிகப் பலன் தந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே: மூன்று வரை கண்ணே சொல்லிவிடும், எண்ணத் தேவையில்லை. நாலாவது சிப்பியில்தான் எண்ணும் கட்டாயம் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கடலோர வீடுகள்தான் கண்ணில் வந்தன. மீன் கூறு வைக்கும் இடம், நண்டை வலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூடையில் போடும் இடம், கருவாட்டை வரிசையாகக் காயப் போடும் இடம். எதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், எந்தப் பொம்மையும் வாங்க வேண்டாம். “இந்தக் கூறுல எத்தனை மீனு? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு மீனு” என்று அப்பாயி வாய்விட்டுச் சொன்னால் போதும். எண்ணி முடித்த பிறகு மொத்தத்தை இன்னொரு முறை சொல்கிறாரே, அந்தக் கடைசி ‘அஞ்சு மீனு’ மிக முக்கியம். எண்ணிய சொல்லும் மொத்தமும் ஒன்றென்று குழந்தைக்குக் கோத்துக் காட்டுவது அதுதான்.

எண்ணாமலே அளவை உணரும் திறன் ஒன்றும் நமக்குள் இருக்கிறது. குளிர்காலத்தில் வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைச் சதுப்பில் இறங்கும் பூநாரைக் கூட்டங்களைப் பார்த்து, எது பெரிய கூட்டம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதக் குழந்தைக்கே 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று 2000-இல் ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் காட்டினார்கள். 8-க்கும் 12-க்கும் தெரியவில்லை. இந்த உள்ளுணர்வை விளையாட்டால் கூர்தீட்டினால் பள்ளிக் கணக்கு தானாக வந்துவிடுமா? டெல்லியில் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் 214 முன்பருவ மையங்களில் 1,540 குழந்தைகளைக் கொண்டு மோய்ரா டில்லன், ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். விளையாடிய குழந்தைகளின் உள்ளுணர்வு கூர்மையாகி, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. ஆனால் முதல் வகுப்பின் எழுத்துக் கணக்கில் அவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ‘விளையாட விட்டால் போதும், எல்லாம் வரும்’ என்று நம்பிக்கொண்டிருந்த என் போன்றவர்கள் இந்த முடிவை விழுங்கித்தான் ஆக வேண்டும். விளையாட்டுக்கும் எண்ணுச் சொல்லுக்கும், சொல்லுக்கும் எழுதிய இலக்கத்துக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது.

அந்த முடிச்சு எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு சான்று. ராபர்ட் சீக்ளரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் பத்துவரை இலக்கம் எழுதிய, ஒரே நேர்கோட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, தடவைக்குக் கால் மணி நேரம். மொத்தம் ஒரு மணி நேரம்தான். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் முன்னேற்றம் அப்படியே இருந்தது. இலக்கத்துக்குப் பதில் வண்ணம் தீட்டிய கட்டங்களில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பரமபதம் ஆடிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் பரமபதத்தின் வளைந்து வளைந்து ஏறும் கட்டங்கள் நான்கு வயதுக்கு அதிகம். மணலில் குச்சியால் பத்துக் கட்டம் கோடு போட்டு, இடமிருந்து வலமாக இலக்கம் எழுதினால் போதும். தாயத்துக்குத் தேய்ப்பதுபோல இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டால் ஒன்றும் இரண்டும் விழும். ஒரே ஒரு விதி: அஞ்சில் நிற்கும் காய்க்கு ரெண்டு விழுந்தால், குழந்தை ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தக் கூடாது. ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் பெயரைச் சொல்லி நகர்த்த வேண்டும். சீக்ளர் விளையாட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

ஆக, இங்கே பற்றாக்குறை பொருளில் இல்லை, பெரியவர்களின் நிமிடங்களில் இருக்கிறது. பால்வாடிக்குள் போனால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

சிறு குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் மீனா சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. குழந்தை நாடகத்திலும் விளையாட்டு வழிக் கல்வியிலும் ஊறியவர். முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அவர் தலைமையில் அமைந்த குழு 1972-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்தே, 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமத்துக் குழந்தைகளை மையங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரு டீச்சரம்மா, சமைக்க ஓர் ஆயா. அந்த ஒரு டீச்சரம்மாதான் எடை பார்க்கிறார், கர்ப்பிணிகளின் கணக்கு வைக்கிறார், இணை உணவு வழங்குகிறார், பதிவேடு எழுதுகிறார், வீடு வீடாகப் போகிறார். மிச்ச நேரத்தில் கதையும் பாட்டும் எண்ணும்.

கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் ஓர் அரைநேரப் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டடம் மாறவில்லை, கணினி வரவில்லை. ஓர் ஆள், அரை நாள். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கிலும், அதைவிட அதிகமாக மொழியிலும் தெளிவான முன்னேற்றம். இன்னொன்றும் நடந்தது: வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். பாடத்தைப் புதியவர் பார்த்துக்கொண்டதால், பழைய டீச்சரம்மாவுக்கு உடல்நலத்தையும் உணவையும் கவனிக்க நேரம் கிடைத்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்குப் போட்டும் காட்டினார்கள். இதைவிட நேரான பரிந்துரை ஓர் அரசுக்குக் கிடைப்பது அரிது. இன்னும் ஏன் எல்லா மையங்களிலும் அந்த இரண்டாவது ஆள் இல்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பெற்றோரின் ஏக்கமும் எனக்குப் புரிகிறது. 2019-இல் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, அந்த ஏக்கத்தைப் பார்த்துத்தான். வேனில் ஏறிப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டு நிறைய 1 முதல் 100 வரை எழுதிக்கொண்டு வருகிறது. பால்வாடிப் பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறது. எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். ஆனால் நூறுவரை எழுதும் அந்தப் பிள்ளையிடமும் ஒரு முறை, “ஏழு சிப்பி குடு, கண்ணு” என்று கேட்டுப் பாருங்கள்.

வாரத்தில் முட்டை போடும் நாள்களில் மையத்தில் ஒரு பாடம் தானாகவே காத்திருக்கிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்த பிறகு, நாலு வயதுப் பிள்ளை ஒன்றிடம், “எத்தனை பேரு வந்திருக்கீங்க, எண்ணிட்டு வந்து சொல்லு, அத்தனை முட்டை தர்றேன்” என்று ஆயா சொல்லலாம். பிள்ளை தலை தலையாகத் தொட்டு எண்ணும். ‘ஒன்பது’ என்று வந்து சொல்லும். ஒன்பது முட்டையை வாங்கி வட்டத்தில் ஒவ்வொரு தட்டாக வைத்துக்கொண்டே போகும். தன்னை எண்ண மறந்தது, தன் தட்டுக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியும். கையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்க்கும். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “இன்னும் ஒண்ணு வேணும், ஆயா. பத்துப் பேரு” என்னும்.