நிலவறைத் தொட்டியின் நிலவரம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில், இயற்கை வாயுக் குழாய்கள் எட்டாத கிராமங்களில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பெரும்பாலும் நிலவறையின் இரும்புத் தொட்டியில் இருக்கிறது. 275 காலன் கொள்ளும் அத்தொட்டியின் தலையில், சிறு குழலுக்குள் ஏறியிறங்கும் மிதவையே நெடுங்காலமாக அளவு காட்டி வந்தது. அதைப் பார்க்கப் படியிறங்க மறந்தாலோ, எண்ணெய் வற்றி, அடிக்கசடு வடிகட்டியை அடைத்து, நடுநிசியில் உலை அணைந்து, தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் அபாயமும் நேரும். இப்போது வந்துள்ள நவீன மானிகளில் ஒருவகை, செவிக்கெட்டாத ஒலியலையை எண்ணெயின் மேற்பரப்பில் மோதவிட்டு, அது திரும்பிவரும் அவகாசத்தைக் கொண்டு மட்டத்தைக் கணித்து, வைஃபை வழியே கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. இணையம் அறுந்த பனிப்புயல் இரவில் மிதவைதான் பிரமாணம் என்பது வேறு விஷயம். இம்மானியால் தினசரி எண்ணெய்ச் செலவு தெரிவதால், விலை சரிந்த சமயம் பார்த்து எண்ணெய் தருவிக்கலாம். அவசரக் கட்டணம் கொடுத்து லாரியை அழைக்கும் நிர்ப்பந்தமும் குறைகிறது.