ஆபரேஷன் இல்லாமல் முதுகுவலி தீருமா? 'டிகம்ப்ரஷன்' மெஷினுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்!

சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்க நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் பெண்கள், மக்காச்சோள மூட்டை சுமப்பவர்கள், அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர்கள், ஜெயங்கொண்டம் பக்கம் தரையில் உட்கார்ந்து முந்திரி உடைப்பவர்கள்... பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முதுகுவலி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்பெல்லாம் சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள். பிறகு தைலம், பெல்ட், ஊசி என்று வந்தது. இப்போது போனைத் திறந்தாலே, 'ஆபரேஷன் வேண்டாம், மெஷினில் படுத்தால் போதும், ஜவ்வு தானாக உள்ளே போய்விடும்' என்கிற விளம்பரங்கள். 20, 30 முறை வரச் சொல்கிறார்கள். மொத்தப் பணத்தையும் 'பேக்கேஜ்' என்று முன்கூட்டியே கேட்கும் இடங்களும் உண்டு. தோட்டை அடகு வைக்கும் முன், இந்தச் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வோம்.

ஜவ்வு விலகுவது என்றால் என்ன?

நம் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே 23 ஜவ்வுகள் (டிஸ்க்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் பூரணக் கொழுக்கட்டை மாதிரி. வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் நைந்துபோனால் பூரணம் பிதுங்குகிறது. அது பக்கத்து நரம்பை உரசினால், இடுப்பிலிருந்து கால் வரை சுரீரென்று இழுக்கும். இதைத்தான் 'சயாட்டிகா' என்கிறார்கள். கழுத்தில் நடந்தால் வலி கைக்கு இறங்கும்.

ஆனால், ஸ்கேனில் 'பல்ஜ்' என்று எழுதியிருந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களில் 30 சதவிகிதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவிகிதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதுபோல இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம்தான்.

மெஷின் என்ன செய்கிறது?

மார்பிலும் இடுப்பிலும் பெல்ட் கட்டிப் படுக்க வைப்பார்கள். கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு மெஷின் மெதுவாக இழுக்கும், பிறகு தளர்த்தும். அரை மணி நேரம் போல இப்படியே நடக்கும். இழுக்கும்போது ஜவ்வுக்குள் அழுத்தம் குறையும், பிதுங்கியது உள்வாங்கும் என்பது இதன் அடிப்படை. யோசனை புதிதல்ல. முதுகை இழுத்துச் சரிசெய்யும் முறை கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்திலேயே இருந்தது. எடை தொங்கவிட்டு இழுக்கும் 'ட்ராக்‌ஷன்' நம் ஆஸ்பத்திரிகளிலும் பழகியதுதான். டிகம்ப்ரஷன் அதன் நவீன வடிவம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ட்ராக்‌ஷன் பற்றிய 32 ஆய்வுகளை, 2,762 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2013-ல் அலசியது. இடுப்பு வலி குறைவதிலோ, வேலைக்குத் திரும்புவதிலோ பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், ட்ராக்‌ஷனையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய சரியான புரிதலையும்தான் முன்னிறுத்துகிறது. கழுத்து வலி கைக்கு இறங்கும்போது, பயிற்சியோடு சேர்த்து இழுத்தால் சிலருக்குப் பலன் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

'எங்கள் மெஷின் பழைய ட்ராக்‌ஷன் அல்ல' என்பார்கள். அது கூடுதல் பலன் தரும் என்று பெரிய, தரமான ஆய்வுகள் இதுவரை நிரூபிக்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு வாரத்தில் சரியாயிடுச்சே" என்று நீங்கள் கேட்கலாம். சரியாகியிருக்கும். ஜவ்வு விலகிய வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் எப்படியும் குறையத் தொடங்கிவிடும். வெளியே வந்த ஜவ்வைப் பலருக்கு உடலே கரைத்துவிடுகிறது. 20, 30 முறை மெஷினுக்குப் போய்வரவும் கிட்டத்தட்ட அதே காலம்தான் ஆகும். உடல் செய்த வேலைக்கு மெஷின் பெயர் வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு!

யாருக்கு ஆகாது?

கர்ப்பிணிகள், எலும்பு மெலிந்தவர்கள், முதுகெலும்பு முறிவு, புற்றுநோய் அல்லது முதுகெலும்பில் காசநோய் உள்ளவர்கள், முதுகில் ஸ்க்ரூ, கம்பி பொருத்தியவர்கள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்கள் இதில் படுக்கக் கூடாது.

ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்!

* சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போவது
* தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது
* பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது
* முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைவு
* விழுந்த பிறகோ, விபத்துக்குப் பிறகோ வரும் கடும் வலி

முதல் இரண்டும் இருந்தால் மணிக்கணக்கு முக்கியம். அப்போது அறுவை சிகிச்சைதான் நரம்பைக் காப்பாற்றும். 'ஆபரேஷன் இல்லாமல்' என்கிற வார்த்தையை நம்பிக் காத்திருந்தால், வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரலாம்.

எங்கே போவது?

முதலில் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்னைப் பரிசோதித்த மருத்துவர் யார்? என் வலிக்கு இது ஏன் தேவை? பயிற்சியும் சொல்லித் தருவீர்களா? நான்கைந்து முறையில் பலன் இல்லையென்றால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா? பதில் சொல்லத் தயங்கினால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள், முடிந்தவரை நடங்கள். களையெடுக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நில்லுங்கள். மூட்டையை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். லாரி ஓட்டுபவர்கள் டீக்கு நிறுத்தும்போது நாலு எட்டு நடந்துவிட்டு ஏறுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சிகளை வலி போன பிறகும் விடாமல் செய்யுங்கள். இதற்கு எந்த பேக்கேஜும் தேவையில்லை.