கோனா கடலில் தூண்டிலை எங்கே போடுவது?

கடல் முழுக்க மீன் இருக்கும்னு நினைச்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க. நடுக்கடல்ல பெரும்பாலான இடம் கிட்டத்தட்ட காலிதான். டீசலை வீணாக்காம சரியான இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? ஹவாயின் பெரிய தீவுக்கு மேற்கே, நீல மார்லினுக்குப் பேர்போன கோனா கரையைப் பாருங்க.

தீவு முழுக்க எரிமலைகளால் ஆனது. அதனால் கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டிடும். நீரோட்டம் இந்தச் சரிவில் மோதுற இடத்துல சின்ன மீன்கள் சேரும், அதைத் தேடிப் பெருசுங்க வரும். எக்கோ சவுண்டரைப் பார்த்துக்கிட்டே, ஆழம் சட்டுனு இறங்குற விளிம்பை ஒட்டி தூண்டிலை இழுத்துட்டுப் போவாங்க.

அடுத்தது காற்று. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றை, 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மௌனா கேயா, மௌனா லோவா மலைகள் மறிச்சிடும். கோனா பக்கம் அமைதி. ஆனா தீவின் ரெண்டு ஓரத்துலயும் காற்று பாய்ஞ்சு போகுது. இந்த வேக வித்தியாசம் கடல்ல பெரிய சுழல்களை உருவாக்கும். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல சிலிண்டருக்குப் பின்னாடி சுழல் வரைஞ்சோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுத்துற சுழல், அடியில இருக்கிற குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே கொண்டுவரும். சாட்டிலைட் வெப்பநிலைப் படத்துல அது குளிர்ந்த வட்டமாத் தெரியும். அதோட ஓரத்தைத்தான் குறிவைக்கணும்.

இது எதுவும் அமையலைன்னா மிதவை இருக்கு. மீன்களைக் கூட்டுறதுக்குன்னே ஹவாய் அரசு கடல்ல நங்கூரம் போட்டு மிதக்கவிட்டிருக்கு. சூரை மீன் அங்கே கூடும். என்ன, அந்த இடம் எல்லாருக்கும் தெரியும். நீங்க போறதுக்குள்ள நாலு படகு நிக்கும்.