ஏறும், ஆனால் ஏற்றலாமா?

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓரிடத்தில் வந்து நிற்கும்: “இந்த வண்டியில வேற என்ஜின் ஏறுமா?” மெக்கானிக்கைக் கேட்டால் “ஏத்திடலாம் சார்” என்பார். அது பொய்யில்லை. ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பதில் செல்லாது.

இந்த ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. பிரீமியர் பத்மினியின் என்ஜின் 1089 சி.சி.; சக்தி சுமார் 40 குதிரைத்திறன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அந்தச் சக்தியிலும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் இன்னொரு சிக்கல். பழைய கார்களில் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுவது என்ஜினேதான். என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். காற்று தேவைப்படும் நேரத்தில்தான் காற்று கிடைக்காது, வண்டி கொதிக்கும்.

அதனால் கண் மாருதி ஜிப்ஸி என்ஜின் மேல் போகிறது: 1298 சி.சி., பிற்கால எம்.பி.எஃப்.ஐ. (எரிபொருளைப் பீய்ச்சும்) வகையில் 80 குதிரைத்திறன். பத்மினியைவிட இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், அதன் என்ஜினும் கியர்பாக்ஸும் பழைய கார்களைப் போலவே முன்பின்னாக நீளவாக்கில் இருக்கும். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுவதால், எவ்வளவு சக்தி இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. அம்பாசடர்காரர்கள் தேடுவது இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினை.

வேலை சின்னதல்ல. என்ஜின் மவுன்ட்டை வெட்டி வேறிடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். ஆயில் சம்ப் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அளவு மாற்றி பேலன்ஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அறுபது கி.மீ. வேகத்தில் வண்டி நடுங்கும். எம்.பி.எஃப்.ஐ. என்றால் மின்சாரப் பெட்ரோல் பம்ப், கன்ட்ரோல் யூனிட், புது வயரிங் எல்லாம் சேரும். இவ்வளவும் செய்தவர்களில் பலர் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். பத்மினியின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 40 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்தது. சக்தியை இரட்டிப்பாக்கிவிட்டு அதை அப்படியே விடுவது வெறும் விளையாட்டல்ல, விபத்துக்கு வழி.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டுத் தொழிற்சாலைகளே இதைச் செய்தவைதான். 1984இல் வந்த கான்டெசா, வாக்ஸால் விக்டரின் உடல். உள்ளே அம்பாசடரின் 1.5 லிட்டர் என்ஜின். அந்தப் பெரிய உடலை இழுக்க அது திணறியது. பிறகு இசுசு வந்ததும்தான் வண்டிக்கு உயிர் வந்தது. 1992 முதல் அதே இசுசு அம்பாசடருக்குள்ளும் ஏறியது. பிரீமியர் 118 என்.இ. ஃபியட் உடலில் நிஸான் என்ஜின். சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் 2000 கதைதான் பாவம்: ரோவரின் அழகான உடலுக்குள் பழைய வான்கார்ட் வழி வந்த என்ஜினை வைத்தார்கள். 1985இல் வந்தது, சில ஆண்டுகளில் நின்றது.

தொழிற்சாலை செய்தால் அது புது மாடல். நாம் செய்தால் சட்டம் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எரிவாயு, பேட்டரி போன்ற அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. என்ஜின் பழுதானால் அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2021இல் வந்த விதிகள், முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார், பைக்குகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுக்கலாம். நிபந்தனை: சேசிஸ், உடல், என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. மைசூர் மாநிலக் காலத்து எம்.ஒய். எண்ணோடு நிற்கும் அம்பாசடரில் இசுசு ஏறிய அன்றே இந்தக் கதவு மூடிவிடும்.

ஆகவே என் கட்சி, இருக்கிற என்ஜினை இறக்கி வேலை பார்ப்பதுதான். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் பிஸ்டன், ரிங், வால்வு இன்னும் தேடினால் கிடைக்கும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தொடங்குங்கள். போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் செய்ய அனுபவமுள்ள லேத் பட்டறைக்குப் போங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாலே பாதிக் கொதிப்பு அடங்கும். மாற்றியே தீருவேன் என்றால், பழைய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். எண்ணோடு பத்திரமாக வையுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுக்குமுன் பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, என்ஜினில் பொறித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.