விறகுக் கணப்படுப்பு

விறகுக் கணப்படுப்பு என்பது, விறகை எரித்து வீட்டின் உட்பகுதியைச் சூடாக வைத்திருப்பதற்குப் பயன்படும், மூடிய எரியறையைக் கொண்ட ஓர் அடுப்பு ஆகும். இதன் முதன்மையான பயன் சமையல் அன்று. நோர்வே, சுவீடன், பின்லாந்து, கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதி, நியூசிலாந்து முதலிய குளிர்ப் பகுதிகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. சிறிய வீடு ஒன்றுக்கு இவ்வடுப்பைத் தெரிவு செய்யும்போது முதலில் கருத்திற் கொள்ள வேண்டியது அதன் வெப்பத் திறன் ஆகும். தேவைக்கு மிஞ்சிய அடுப்பு, சிறிய அடுப்பைவிடக் கூடுதலான புகையையும் இடரையும் உண்டாக்கக்கூடும்.

வரலாறு

திறந்த கணப்பில் விறகு எரியும்போது, வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகின்றது. பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே அறைக்குக் கிடைக்கின்றது. இக்குறையைப் போக்கும் நோக்குடன் பெஞ்சமின் பிராங்கிளின் 1740களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் இரும்புத் தகடுகளாலான ஓர் அடுப்பை வடிவமைத்தார்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் விறகடுப்புகளின் விற்பனை பெருகியது. அக்காலத்து அடுப்புகள் பலவற்றில் காற்றுவழியை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்து, விறகை இரவு முழுதும் புகைய விட முடிந்தது. இதனால் ஊர்களில் புகை மிகுந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988 இல் புதிய விறகடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது. அவ்வரம்பு 2020 ஆம் ஆண்டு முதல், பொதுவான சோதனை முறைப்படி, மணிக்கு 2 கிராம் துகள்கள் என இறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2022 முதல் புதிய அடுப்புகளுக்கான வரம்புகள் நடைமுறைக்கு வந்தன.

விறகு எரியும் முறை

விறகு மூன்று படிகளில் எரிகின்றது. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகின்றது. அடுத்து மரப்பொருள் சிதைந்து, எரியக்கூடிய வளிமங்கள் வெளிவருகின்றன. இறுதியில் எஞ்சிய கரி எரிகின்றது. விறகின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இவ்வளிமங்களிலேயே உள்ளது. அவை நன்கு எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பநிலையும் போதிய காற்றும் தேவை.

காற்றைக் குறைத்து நெருப்பை அடக்கினால், இவ்வளிமங்கள் எரியாமல் புகையாகச் செல்கின்றன. அப்புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட்டு எனப்படும் தார் போன்ற பொருளாகப் படிகின்றது. இப்படிவு தீப்பற்றினால் புகைபோக்கியினுள் வெப்பநிலை 1000 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். வீடு எரிவதற்கும் இது காரணமாகலாம்.

வெப்பத் திறனைக் கணித்தல்

சிறிய வீட்டில் பெரிய அடுப்பை முழு அளவில் எரித்தால் அறை தாங்க முடியாத அளவு சூடாகும். எனவே அதனைப் பயன்படுத்துவோர் காற்றைக் குறைத்துப் புகைய விடுகின்றனர். இதனைத் தவிர்க்க, அறையின் தேவைக்கு ஏற்ற திறனை முதலில் கணித்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் வழங்கும் ஒரு தோராய முறைப்படி, ஓரளவு வெப்பக்காப்புச் செய்யப்பட்ட அறை ஒன்றின் கன அளவை (கன மீட்டரில்) 14 ஆல் வகுத்தால் தேவையான திறன் கிலோவாட்டில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கன அளவு 48 கன மீட்டர் ஆகும். இதற்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட்டு போதுமானது. வெப்பக்காப்பு மிகுந்த வீட்டில் தேவை இதனினும் குறையும். காற்றுக் கசியும் பழைய வீட்டில் கூடும்.

ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகில் ஏறத்தாழ 4 கிலோவாட்டு மணி ஆற்றல் உள்ளது. அடுப்பின் பயனுறுதிறன் 75 விழுக்காடு எனக் கொண்டால், மேற்கூறிய அறைக்கு மணிக்கு 1.2 கிலோகிராம் விறகு போதும். ஆகவே சிறிய அடுப்பைச் சுடர்விட்டு எரிய விடுவதே இங்கு சிறந்தது. சிறிய எரியறையில் நெருப்பு நெடுநேரம் நிற்பதில்லை. அடிக்கடி விறகிட வேண்டியிருப்பது இதன் குறைபாடு ஆகும்.

வகைகள்

எஃகு அடுப்பு: விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். மாலையில் மட்டும் பயன்படும் அறைக்கு ஏற்றது.

வார்ப்பிரும்பு அடுப்பு: சூடாகச் சற்று நேரம் எடுக்கும், நெருப்பு அணைந்த பின்னரும் சிறிது நேரம் வெப்பம் தரும்.

மாக்கல் பதித்த அடுப்பு: தமிழகத்தில் கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் இயல்புடையது. பின்லாந்தில் இக்கல் கணப்படுப்புகளில் பெரிதும் பயன்படுகின்றது.

செங்கற் கணப்பு: உருசியாவிலும் நடு ஐரோப்பாவிலும் வழங்கும் பெரிய அமைப்பு. ஒருமுறை கடுமையாக எரித்தால் பல மணி நேரம் மெல்ல வெப்பத்தை வெளிவிடும். இது மிகவும் கனமானது என்பதால் தரை அதனைத் தாங்குமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

சில அடுப்புகளில் வினையூக்கி பொருத்தப்படுகின்றது. இது ஏறத்தாழ 260 பாகை செல்சியசிலேயே புகையை எரியச் செய்கின்றது. நெருப்பை அடக்கி எரிக்க வேண்டிய இடங்களில் இது உதவும். எனினும் வினையூக்கியைக் காலப்போக்கில் மாற்ற வேண்டும்.

பொருத்துதல்

புகைபோக்கி இயன்றவரை நேராகவும், வீட்டின் உட்புறமாகவும் செல்வது நல்லது. வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் புகைபோக்கி எளிதில் குளிர்ந்து, இழுவை குறைந்து, படிவு மிகும். சுவர், மரத் தளபாடம் ஆகியவற்றிலிருந்து உற்பத்தியாளர் குறிப்பிடும் இடைவெளியை விடுதல் கட்டாயம் ஆகும். சான்றிதழ் பெறாத அடுப்புகளுக்கு ஐக்கிய அமெரிக்காவில் பொதுவாக 36 அங்குல (ஏறத்தாழ 90 செ.மீ.) இடைவெளி கோரப்படுகின்றது. சிறிய வீட்டில் இவ்விடைவெளி, தெரிவு செய்யத்தக்க அடுப்பின் அளவையே தீர்மானிக்கக்கூடும்.

காற்றுப்புகாத புதிய வீடுகளில் எரிதலுக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து குழாய் மூலம் கொண்டுவருதல் நன்று. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம் ஆதலால், அதனை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்ந்து துப்புரவு செய்ய வேண்டும்.

விறகு

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கலாம். ஒரு கிலோகிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 0.7 கிலோவாட்டு மணி ஆற்றல் செலவாகின்றது, நெருப்பும் குளிர்கின்றது. எனவே பிளந்து, மழைபடாமல் அடுக்கி, காற்றில் உலர்த்திய விறகையே பயன்படுத்த வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு உட்பட்டிருத்தல் சிறந்தது. இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறு அளவில் விற்கப்படும் விறகுக்கு இவ்வரம்பு சட்டமாக்கப்பட்டுள்ளது. வண்ணம் பூசிய மரமும் வேதிப்பொருள் ஊட்டிய மரமும் நச்சுப் புகை தருவதால் அவற்றை எரித்தல் கூடாது.

உடல்நலமும் சூழலும்

விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலையும் இதயத்தையும் பாதிக்கின்றன. ஆசுத்திரேலியாவின் தாசுமேனியா மாநிலத்திலுள்ள லான்செசுட்டன் நகரில், 2001 முதல் 2004 வரை விறகடுப்புகளை மாற்றும் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. விறகடுப்பு உள்ள வீடுகளின் பங்கு 66 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தது. குளிர்காலத்தில் காற்றிலுள்ள துகள்களின் சராசரி அளவும் கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27 மைக்ரோகிராமாகக் குறைந்தது. புகை வெளியேறாது தேங்கும் பள்ளத்தாக்குகளிலும், வீடுகள் நெருங்கிய ஊர்களிலும், மிகச் சிறந்த விறகடுப்பும் அண்டை வீட்டாரைப் பாதிக்கக்கூடும். அத்தகைய இடங்களில் வெப்பக்காப்பை மேம்படுத்துதல், மின் வெப்ப எக்கி போன்ற மாற்று வழிகளை முதலில் ஆராய்தல் தகும்.