தடுப்பூசி இட்டோரிடையே தொற்று

"ஊசி இட்டுக்கொண்டவருக்கும் நோய் வந்ததே, பின் ஊசியால் யாது பயன்?" இவ்வினா 2021-ம் ஆண்டில் ஆனையூர் முதலாய நம் சுற்றூர்களிற் பலர் வாயிலும் வழங்கிற்று. கொரோனா நோயால் தமிழ்நாட்டில் நேர்ந்த முதல் மரணம், 2020-ம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி மதுரை அரசாங்க இராஜாஜி வைத்தியசாலையிலேயே நிகழ்ந்தது. ஆதலின் இவ்வினாவை எள்ளி நகையாடுதல் முறையன்று. அஞ்சினோர் கேட்ட வினா இது. இதற்குத் தக்க விடை கூறுதல் கற்றோர் கடன்.

முதற்கண் வேலூரை நோக்குவோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிறு நிலையம், இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் ஓங்கி நிற்கின்றது. 2021-ம் ஆண்டின் இரண்டாம் அலையில், அங்குப் பணிபுரிவோரிடையே நோய் கண்டவர்களை மருத்துவர்கள் கணக்கிட்டனர். இரு முறை ஊசி இட்டுக்கொண்டோர் 7,080 பேர். அவருள் 679 பேருக்கு நோய் கண்டது. ஊசி இடாதோர் 1,609 பேர். அவருள் 438 பேருக்குக் கண்டது. வெறுந்தொகையை மட்டும் நோக்குவோர், ஊசி இட்டோரே மிகுதியாய் நோயுற்றனர் என்பர். விகிதத்தை நோக்கினால், முன்னவருள் நூற்றுக்குப் பத்துப்பேர்க்கும் குறைவு. பின்னவருள் நூற்றுக்கு இருபத்தேழு பேர். தீவிர சிகிச்சை வேண்டப்பட்டோர் முன்னவருள் இருவர், பின்னவருள் எண்மர். இறந்தவர் ஒருவரே, அவர் ஊசி இடாதவர்.

நிற்க. வேலூரிற் கணக்கிடப்பட்டோர் பெரும்பாலும் உடல்வலியுடன் உழைப்பவர். நலிந்தோர் நிறைந்த ஒரு வார்டினுள் கிருமி புகின் யாது நிகழும்? அதனை இஸ்ரேல் நாட்டு மெயிர் வைத்தியசாலையில் 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்தது காட்டும். எழுபது வயது கடந்த சிறுநீரக நோயாளி ஒருவர், ஊசி இட்டுக்கொண்டவர், காய்ச்சலும் இருமலுமாய் வந்தார். வேறு நோயென்று கருதி, கொரோனாவுக்குச் சோதியாமலே, மூவர் இருந்த அறையில் அவரையும் வைத்தனர். அவர்வழித் தொற்று பரவி 42 பேரைப் பற்றிற்று. அவருள் 38 பேர் முறையாக ஊசி இட்டவர். பணியாளர்க்கு நோய் எளிதாய் வந்து நீங்கிற்று. நோயாளர் ஐவரோ மாண்டனர்.

இதன் காரணம் யாது? கையில் இடும் ஊசி, குருதியில் எதிர்ப்பாற்றலை வளர்த்து நுரையீரலைக் காக்கும். மூக்கிலும் தொண்டையிலும் அக்காவல் சில திங்களிற் குன்றும். ஆங்குக் கிருமி தங்கிப் பிறர்க்குப் பரவவுங்கூடும். சிறுநீரகம் பழுதுற்றோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர், மிக முதியோர் ஆகியோர்தம் உடலில் ஊசியால் விளையும் ஆற்றல் தொடக்கத்திலேயே குறைவு. இத்தகையோர் படுக்கைகள் நெருங்கிக் கிடக்க, சாளரங்கள் அடைபட்டிருக்க, மூச்சுடன் வெளிப்படும் நுண்துளிகள் காற்றிலே நெடுநேரம் மிதக்கின்றன. ஆகவே வீட்டில் எளிதாய்க் கடந்து போகும் நோய், வார்டில் உயிர்க்கு உலையாகின்றது.

இனி, ஊசி இட்டோரே மிகுதியாய் நோயுற்றனர் என்னும் மயக்கத்தை ஒரு கணக்கால் தெளிவோம். ஒரு விடுதியில் மாணவர் நூற்றுவர். 96 பேர் ஊசி இட்டவர், நால்வர் இடாதவர் எனக் கொள்க. முன்னவருள் 12 பேரும் பின்னவருள் இருவரும் நோயுற்றால், நோயுற்ற 14 பேருள் 12 பேர் ஊசி இட்டவரே. ஆயினும் முன்னவருள் எண்மரில் ஒருவர்க்கே நோய். பின்னவருள் இருவரில் ஒருவர்க்கு. யாவரும் குடை பிடித்துச் செல்லும் மழைநாளில், நனைந்தோருட் பலரும் குடையுடையவராகவே இருப்பர். அதனாற் குடை வீணென்று எறிந்துவிடுவார் உண்டோ?

இவற்றால் நாம் அறிவன இரண்டு. ஊசி உயிரைக் காக்கும் கேடயம். நோய் புகாது அடைக்கும் கோட்டை அன்று. கேடயம் ஏந்தும் ஆற்றலற்றோரைச் சூழ்ந்துள்ளோரே காத்தல் வேண்டும். காய்ச்சலுடன் வருவார் ஊசி இட்டவராயினும் சோதித்த பின்னரே வார்டிற் சேர்த்தல், சாளரங்களைத் திறந்து வைத்தல், முகக்கவசம் அணிதல், நலிந்தோர்க்கு உரிய காலத்தில் மீண்டும் ஊசி இடுதல் ஆகியவை மருத்துவர் கடமை. நமக்கும் ஒரு கடமை உண்டு. உற்றார் நோயுற்றாரெனின், ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு குடும்பத்துடன் வைத்தியசாலைக்குச் செல்வது நம் நாட்டு வழக்கம். அன்பின் வழிப்பட்ட அவ்வழக்கம் நன்றே. ஆயினும் நம்மிடம் சிறிது இருமல் இருப்பின், "நாம்தான் ஊசி இட்டுக்கொண்டோமே" என்று துணியாமல், அன்று வாயிலோடு திரும்புதலே அவர்க்கு நாம் செய்யும் பேருதவியாம்.