ஒரு வருடப் படிப்பின் விலை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்றொரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோசஸ், ஆரன் வில்காக்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு 6 ஏக்கர் நிலமும் முதல் பள்ளிக்கூடத்துக்கு 20 டாலரும் கொடுத்து, தங்கள் நினைவாக ஊரின் பெயரை மாற்ற வைத்தார்கள். 1976 முதல் அங்கே ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. ஒரே சட்டை, ஒரே தொப்பி என்று ஜோடி ஜோடியாக வந்து குவிகிறார்கள். 1991 ஆகஸ்டில் அந்தக் கூட்டத்துக்குள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஓர்லி ஆஷன்ஃபெல்டரும் ஆலன் க்ரூகரும் கேள்வித்தாளோடு இறங்கினார்கள். கூடுதலாக ஒரு வருடம் படித்தால் ஒருவருக்குச் சம்பளம் எவ்வளவு ஏறும்? இதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதற்கு ஏன் திருவிழாவரை போக வேண்டும்? பள்ளியோடு நின்றவரின் சம்பளத்தைப் பட்டதாரியின் சம்பளத்திலிருந்து கழித்தால் போதாதா? போதாது. மேலே படித்தவர் இயல்பிலேயே சூட்டிகையாக இருந்திருக்கலாம். வீட்டில் வசதி இருந்திருக்கலாம், அப்பாவுக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கலாம். கல்லூரி வாசலை மிதிக்காவிட்டாலும் அவர் நன்றாகவே சம்பாதித்திருப்பார். ஒரே ஆளைப் படிக்க வைத்தும் வைக்காமலும் பார்க்க வழியில்லை. ஒரு கருவிலிருந்து பிரிந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்களில் ஒருவர் அதிகம் படித்து, மற்றவர் குறைவாகப் படித்திருந்தால், அது ஓரளவு நெருங்கி வரும்.

அதிலும் ஒரு சிக்கல். எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் தப்பாகச் சொல்வார்கள். பாதியில் விட்ட வருடத்தைச் சேர்த்துக்கொள்வார்கள், இல்லை மறந்துவிடுவார்கள். எட்டாவது படித்தவரையும் முதுகலைப் பட்டதாரியையும் ஒப்பிடும்போது ஒரு வருடப் பிழை பெரிதில்லை. இரட்டையருக்குள் வித்தியாசமே ஒன்றிரண்டு வருடம்தான், பாதிப் பேரிடம் அதுவும் கிடையாது. அங்கே ஒரு வருடம் பிசகினால் கணக்கே மங்கி, படிப்பின் பலன் குறைவாகத் தெரியும்.

ஆஷன்ஃபெல்டரும் க்ரூகரும் செய்த உபாயம் எளிமையானது. எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்தது இதுதான். இரட்டையரைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டார்கள்: நீங்கள் எத்தனை வருடம் படித்தீர்கள்? உங்கள் இரட்டையர் எத்தனை வருடம் படித்தார்? அண்ணன் தன்னைப் பற்றிச் செய்யும் பிழையையே தம்பியும் அவரைப் பற்றிச் செய்யப்போவதில்லை. இரண்டு பதில்களும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் நம்பினால் பிழையின் தாக்கத்தைக் கழித்துவிடலாம். 149 ஜோடிகளை வைத்துப் போட்ட கணக்கு 1994இல் வெளியானது. ஒரு வருடப் படிப்புக்கு 12 முதல் 16 சதவீதம். திறமையைக் கழித்தால் பலன் சுருங்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள், அது சுருங்கவில்லை. பிறகு ஆஷன்ஃபெல்டரும் சிசிலியா ரவுஸும் கூடுதல் ஜோடிகளைச் சேர்த்தபோது அது 9 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. எல்லாம் ஒன்றுபோல என்றால், ஒருவர் மட்டும் ஏன் அதிகம் படித்தார்? ஒரே கருவில் பிறந்தவர்களுக்கும் பிறந்தபோது எடை வேறாக இருக்கும், உடம்பு வேறாக இருக்கும். படிப்பு வித்தியாசத்துக்கான காரணம் ஆளுக்கு வெளியே இருந்தால்தான் இந்தச் சந்தேகம் போகும்.

அப்படி ஒன்று இந்தோனேசியாவில் கிடைத்தது. 1973க்குப் பிறகு பெட்ரோல் பணம் கொட்ட, அரசு ஐந்தாறு ஆண்டுகளில் 61,000க்கு மேல் தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. 1974இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்களுக்கு அது பயன்பட்டது; பன்னிரண்டைத் தாண்டியவர்களுக்குக் காலம் கடந்திருந்தது. அதிகப் பள்ளிகள் வந்த மாவட்டங்களையும் குறைவாக வந்தவற்றையும் இந்த இரு வயதினரை வைத்து ஒப்பிட்டார் பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோ. 2001இல் அவர் சொன்ன விடை, 6.8 முதல் 10.6 சதவீதம்.

எண்கள் நெருங்கி வருகின்றன என்று மகிழ்வதற்குள் ஜெர்மனி குறுக்கே வருகிறது. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒன்பதாம் வகுப்பைக் கட்டாயமாக்கின. அதனால் கூடுதலாக ஒரு வருடம் படித்தவர்களைப் பொருளாதார அறிஞர்கள் பிஷ்கேயும் ஃபான் வாக்டரும் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள்: சம்பள ஏற்றம் ஏறக்குறைய பூஜ்யம். வேலைக்கு வேண்டிய எழுத்தும் கணக்கும் அந்த மாணவர்களுக்கு எட்டாம் வகுப்புக்குள்ளேயே வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.